காரைச் சுவரின் சாட்சியம்

காவலூர் என்றதும் வானசாஸ்திரம் பயின்றவர்களுக்கு நினைவுக்கு வருவது அங்குள்ள தொலைநோக்கிகள். ஜவ்வாது மலையின்மீது, கடல்மட்டத்துக்கு 700 மீட்டருக்குச் சற்று மேலான உயரத்தில், 1968-ஆம் ஆண்டு 38 சென்டிமீட்டர்க் கருவி ஒன்றைக் கொண்டு தொடங்கிய வான்நோக்கு, 1972-ல் ஒரு மீட்டர்த் தொலைநோக்கியையும், 1986-ல் நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.3 மீட்டர்த் தொலைநோக்கியையும் பெற்று, இன்று வானியலாளர் வைணு பாப்புவின் பெயரால் உலகறிந்த வானாய்வகமாக விளங்குகிறது. அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் வாணியம்பாடியில் இறங்கி, ஆலங்காயம் கடைத்தெருவைத் தாண்டி மலை ஏறுகிறார்கள். ஏறுகிற அவசரத்தில் அந்தக் கடைத்தெருவை நின்று பார்க்கிறவர்கள் அபூர்வம். இந்தக் கட்டுரை அத்தகைய கடைத்தெருக்களைப் பற்றியது. மலையடிவாரத்து ஊர்களிலும், தமிழ்நாட்டின் ஏனைய சிறு பட்டணங்களிலும், கண்ணாடி முகப்புகளுக்கும் இரும்பு ஷட்டர்களுக்கும் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக எஞ்சி நிற்கும் பழைய காரைக் கடைகள், கோயிலையும் கோட்டையையும் போலவே பாதுகாக்கத்தக்க ஒரு செல்வம் என்பதும், அந்தச் செல்வத்தின் பெரும்பங்கு அவற்றின் சுவர்களுக்குள் அடங்கிய பௌதிகத்திலும் ரசாயனத்திலும் இருக்கிறது என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

ஒரு கட்டடத்துக்குப் பாரம்பரிய மதிப்பு உண்டா என்ற கேள்வி எழுந்தால், அங்கே எந்த ராஜா வாழ்ந்தார், எந்தத் தலைவர் பேசினார், தூண்களில் என்ன சிற்பம் இருக்கிறது என்று விசாரிப்பதுதான் வழக்கம். மளிகைக்கடைக்கும் புளி மண்டிக்கும் இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கும் விடை கிடையாது. ஆகவே அவை இடிக்கப்படும்போது யாரும் வருந்துவதில்லை. ஆனால் 1979-ல் ஆஸ்திரேலியாவின் பர்ரா என்னும் சுரங்க ஊரில் வகுக்கப்பட்டு, பின்னர் உலகெங்கும் பாதுகாப்பு நிபுணர்கள் கைக்கொண்ட சாசனம், அழகு, சரித்திரம், சமூகம் ஆகியவற்றோடு விஞ்ஞான மதிப்பு என்ற ஒன்றையும் சேர்த்தே எண்ணுகிறது. ஒரு கட்டடத்திலிருந்து இனிமேல் எவ்வளவு கற்றுக்கொள்ள முடியும் என்பதே அந்த மதிப்புக்கு அளவுகோல். அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நமது கடைத்தெருவுக்குள் நுழைவோம்.

1856-ல் சென்னையிலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய ரயில், சில ஆண்டுகளில் பாலாற்றங்கரையோடு ஜோலார்பேட்டை வரை நீண்டபோது, அந்தப் பாதையை ஒட்டிய ஊர்களில் வியாபாரம் பெருகிற்று. மலையாளிப் பழங்குடி மக்கள் மலையிலிருந்து இறக்கும் சாமையும் தேனும் புளியும் கடுக்காயும் ஒருபுறம்; ரயிலில் வந்து இறங்கும் துணியும் மண்ணெண்ணெயும் இரும்பும் மறுபுறம்; இரண்டும் கைமாறும் இடமாக அமைந்தவை இந்தக் கடைகள். தெருவை நோக்கி ஒரு திண்ணை. அதற்குமேல் சாய்வாக இறங்கும் ஓட்டுத் தாழ்வாரம். திண்ணைக்கு உள்ளே, ஒன்றரை அடி அகலச் சுவர்களுக்கு நடுவில், நீண்டு குறுகிய ஒரு கூடம். அதன் வாயிலில் கல்லாப்பெட்டி. தலைக்குமேல் மூட்டை அடுக்குவதற்கு மரத்தாலான மச்சு. கதவு என்று தனியே ஒன்றும் இருப்பதில்லை. மேலும் கீழும் உள்ள மரக்காடியில் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகி, கடைசிப் பலகைக்குக் குறுக்கே இரும்புப் பட்டை போட்டுப் பூட்டுவார்கள். பலகைகளின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், வரிசை தவறாமல் செருகுவதற்காக உளியால் வெட்டிய எண்களோ கோடுகளோ தெரியும். தினம் இருமுறை பிடித்துப் பிடித்து, கை படும் உயரத்தில் அந்த மரம் வழுவழுத்துக் கறுத்திருக்கும்.

முதலில் சுவரின் பருமனை எடுத்துக்கொள்வோம். இதைப் பழைய காலத்தாரின் தாராளம் என்றும், அக்காலத்தில் செங்கல் மலிவு என்றும் சொல்லி ஒதுக்குகிறவர்கள் உண்டு. உஷ்ணம் சுவருக்குள் ஊடுருவிச் செல்லும் விதத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் விஷயம் வேறாகத் தெரிகிறது. வெயில் பகலில் ஏறி இரவில் இறங்குவதால், சுவரின் வெளிமுகத்தில் படும் உஷ்ணம் ஒரு அலையாக உள்ளே புகுகிறது; புகுந்து செல்லும்போதே அந்த அலை மெலிகிறது, தாமதமும் ஆகிறது. நான்கு அங்குல கான்கிரீட் தளத்தில் இந்த அலை சுமார் மூன்று மணி நேரத்தில் மறுபக்கம் போய்ச் சேரும். சேரும்போது அதன் வீச்சில் பாதி மிச்சமிருக்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் ஏழரை மணி நேரம் பிடிக்கும். ஏழில் ஒரு பங்குதான் மிஞ்சும். பதினெட்டு அங்குலச் சுவரிலோ பதினான்கு மணி நேரத்துக்குமேல் ஆகிவிடும். நூற்றில் இரண்டு பங்கு எஞ்சினால் அதிகம். பிற்பகல் இரண்டு மணிக்கு உச்சம் தொடும் வெளிச்சுவரின் சூடு, கான்கிரீட் தளத்தின் வழியாக ஐந்து மணிக்கே, வாடிக்கையாளர்கள் கூடுகிற நேரத்தில், தலையில் இறங்கும். ஒன்பது அங்குலச் சுவரின் வழியாக அதே சூடு கடையைக் கட்டுகிற வேளையில் வந்து சேரும். பதினெட்டு அங்குலச் சுவரில் அது விடியற்காலையில், யாருமில்லாத கூடத்தில், இருந்த இடம் தெரியாமல் கரைந்துபோகும். எண்ணெயும் வெல்லமும் தானியமும் வைத்து வியாபாரம் செய்கிறவனுக்கு இதைவிட உகந்த ஏற்பாடு வேறு என்ன இருக்கமுடியும்?

இதே உஷ்ண அலை மலைமேல் இருக்கிறவர்களுக்குப் பெரும் சத்துரு என்பது நினைத்துப் பார்க்கத்தக்கது. காற்றின் உஷ்ணம் ஒரு டிகிரி மாறினால் அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறும். அற்பமாகத் தோன்றும் இந்த மாறுதல், நட்சத்திர ஒளி வந்து விழும் வழியில் நேரும்போது, பிம்பத்தைக் கலங்கச் செய்து பரப்பிவிடுகிறது. பகலெல்லாம் சூட்டை உறிஞ்சிய சுவரும் தரையும் இரவில் அதை மெல்ல மெல்லக் கக்கிக்கொண்டிருந்தால், தொலைநோக்கிக் கூண்டுக்குள்ளேயே காற்று கொதித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் உலகெங்கும் வானாய்வகக் கூண்டுகளுக்கு வெளிப்புறம் வெண்மையோ வெள்ளிநிறமோ பூசுகிறார்கள். பகலில் இறுக மூடிவைக்கிறார்கள். உஷ்ணத்தைச் சேமிக்காத மெல்லிய உலோகத் தகட்டால் அவற்றை அமைக்கிறார்கள். மலையடிவாரத்து வியாபாரி பருமனான சுவரால் சாதித்துக்கொண்ட காரியத்தை, மலைமேல் இருக்கும் விஞ்ஞானி மெல்லிய கூண்டால் சாதித்துக்கொள்கிறார். பௌதிக விதி ஒன்றே. அவனுக்குப் பகல் முக்கியம், இவருக்கு இரவு முக்கியம்.

சுவரின் பருமனைவிடப் பெரிய விஷயம் அதை ஒட்டவைத்திருக்கும் பொருள். இப்பகுதிக் கடைகளுக்குச் செங்கல்லோடு செங்கல்லைச் சேர்த்துக் கட்டியதும், அதன்மேல் பூசியதும், தளத்தை இறுக்கியதும் சுண்ணாம்பே. சென்னையில் 1904-லேயே சிமெண்டு தயாரிக்கும் முயற்சி நடந்ததென்றாலும், டால்மியாபுரம் ஆலை 1939-லும் தாழையூத்து ஆலை 1949-லும் எழுந்த பிறகுதான் சிறிய ஊர்களின் கொத்தனார் கைக்குச் சிமெண்டு சரளமாக வந்தது. அதுவரை, சுக்கான்கல்லையோ சுண்ணாம்புக்கல்லையோ காளவாயில் இட்டு, சுமார் 900 டிகிரி வெப்பத்தில் சுட்டு, நீற்றி, மணலும் செங்கல்பொடியும் சேர்த்து, வட்டமான கல் தொட்டியில் மாடு சுற்றும் சக்கரத்தால் வெண்ணெய்ப் பதம் வரும்வரை அரைத்து எடுத்த காரையைக் கொண்டுதான் எல்லா வேலையும் நடந்தது.

இந்தச் சுண்ணாம்பின் ரசாயனத்தில் ஒரு பூரணத்துவம் இருக்கிறது. 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமிலவாயுவாகப் பறந்துபோய் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதன்மேல் தண்ணீர் விட்டால், 18 கிலோ தண்ணீரைக் குடித்து, கொதித்துப் பொங்கி, 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாக மாறும். அதைச் சுவரில் பூசிவிட்டால், காளவாயில் இழந்த அதே 44 கிலோ கரியமிலவாயுவைக் காற்றிலிருந்து சிறுகச் சிறுக மீட்டுக்கொண்டு, குடித்த தண்ணீரையும் வெளியேற்றிவிட்டு, மறுபடியும் 100 கிலோ சுண்ணாம்புக்கல்லாகவே ஆகிவிடும். கல்லாய்த் தோண்டியெடுத்ததை மாவாக்கிப் பூசி, பூசிய இடத்திலேயே மீண்டும் கல்லாக்கிக்கொள்ளும் இந்த வித்தை, மேற்பரப்பில் சில வாரங்களில் தொடங்கினாலும், காற்று எளிதில் புகாத பருமனான சுவரின் நடுவில் முடிவதற்குப் பல தலைமுறைகள் ஆகலாம். நூறு வயது கடந்த கடைச்சுவர் ஒன்று உள்ளுக்குள் இன்னும் இறுகிக்கொண்டே இருக்கிறது என்றால் அதில் மிகை ஒன்றுமில்லை. இன்னொரு குணமும் அதற்கு உண்டு. சுவரில் மயிரிழை விரிசல் விட்டால், மழைநீர் அதனுள் இறங்கி, இன்னும் மாறாமல் கிடக்கும் சுண்ணாம்பில் கொஞ்சத்தைக் கரைத்துக்கொண்டு, உலரும்போது அதை விரிசலின் விளிம்பிலேயே படியவிட்டுப் போகிறது. சிறிய புண்களைச் சுவர் தானே ஆற்றிக்கொள்கிறது.

இந்த இடத்தில் ஜவ்வாது மலைக்குரிய ஒரு பொருளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதுதான் கடுக்காய். நமது கொத்தனார்கள் கடுக்காயை இடித்து வெல்லத்தோடு தண்ணீரில் பல நாள் ஊறவைத்து, அந்தப் புளித்த நீரைக் காரையில் சேர்ப்பார்கள். தளம் போடும்போது அதையே தெளித்துத் தெளித்து அடிப்பார்கள். படித்த எஞ்சினியர்கள் ஒரு காலத்தில் இதைக் குருட்டு நம்பிக்கை என்று நினைத்ததுண்டு. ஆனால் வெல்லத்திலுள்ள சர்க்கரை, தண்ணீரில் லேசில் கரையாத சுண்ணாம்பைக் கூடுதலாகக் கரையச் செய்கிறது. அது நொதிக்கும்போது உண்டாகும் கரியமிலவாயு, வெளிக்காற்றுக்குக் காத்திராமல் காரைக்கு உள்ளேயே சுண்ணாம்பு இறுகுவதற்கு உதவுகிறது. கடுக்காயின் துவர்ப்புச் சத்தாகிய டானின், சுண்ணாம்பிலுள்ள கால்சியத்தோடு பிணைந்து படிகங்களின் வளர்ச்சியை ஒழுங்குபடுத்துகிறது. வேலூர் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் உட்படப் பலர் இத்தகைய கலவைகளைப் பரிசோதனைச்சாலையில் ஆராய்ந்திருக்கிறார்கள். இதே கடுக்காயும், இதே சுண்ணாம்பும், அடிவாரத்து ஊர்களான வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் வேறொரு தொழிலுக்கும் உயிர்நாடியாக இருந்தன. தோலின் மயிரைக் களையச் சுண்ணாம்பு. தோலைப் பதப்படுத்தக் கடுக்காயும் ஆவாரம் பட்டையும். மலையிலிருந்து ஒரே மூட்டையில் இறங்கிய காய், மண்டியில் பிரிந்து, ஒரு பங்கு தோல் தொட்டிக்கும் ஒரு பங்கு கொத்தனார் சாலுக்கும் போயிற்று. கடைச்சுவரின் காரையில் ஒரு துண்டைச் சோதித்தால், அந்தக் கடையில் விற்ற சரக்கின் அடையாளம் அதிலேயே கிடைக்கக்கூடும்.

தோல் தொழிலைப் பற்றிப் பேசும்போது அதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. பாலாற்றுப் படுகையில் தோல் ஆலைக் கழிவுகள் நிலத்தடி நீரைக் கெடுத்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1996-ல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் புகழ்பெற்ற தீர்ப்பாக முடிந்தது. கழிவில் பெரும்பகுதி உப்பு. உப்பேறிய நிலத்தில் நிற்கும் சுவர் என்ன ஆகும் என்பதே அடுத்த கேள்வி.

செங்கல்லின் நுண்துளைகள் நிலத்து ஈரத்தை மேலே இழுக்கின்றன. துளை எவ்வளவு சிறியதோ அவ்வளவு உயரத்துக்கு நீர் ஏறும் என்பது விதி. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆரமுள்ள துளையில், கணக்குப்படி, பதினைந்து மீட்டர் வரை ஏறலாம். ஆனால் எந்தச் சுவரிலும் ஓதம் மாடி வரை ஏறுவதில்லை. முழங்கால் அளவிலோ இடுப்பளவிலோ நின்றுவிடுகிறது. ஏறுகிற ஈரம் சுவரின் இருமுகங்களின் வழியாகவும் ஆவியாகிப் போய்க்கொண்டே இருப்பதுதான் காரணம். சுண்ணாம்புப் பூச்சு ஆவியை எளிதில் வெளிவிடும். நீர் போன வழியில் உப்பு தங்கி, பூச்சின்மேல் வெள்ளையாகப் பூத்து உதிரும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, பொங்கலுக்கு முன் சுரண்டி வெள்ளையடித்தால் போதும். அழிவதற்கென்றே வைத்த அந்தப் பூச்சு, தான் அழிந்து செங்கல்லைக் காப்பாற்றியது.

இப்போது நடப்பது என்னவென்றால், கடைக்காரர் சுவர் உதிர்கிறதே என்று கவலைப்பட்டு, அடியில் மூன்று அடி உயரத்துக்குச் சிமெண்டு பூசிவிடுகிறார். அக்கறை மிகுந்தவராயிருந்தால் அதன்மேல் டைல்ஸும் ஒட்டுகிறார். எந்தக் கடைத்தெருவிலும் இந்தக் காட்சியைக் காணலாம்: கீழே இறுகிய சாம்பல் நிறப் பட்டை, அதற்கு மேலே, சிமெண்டு முடிகிற இடத்துக்குச் சரியாக, ஈரத்தால் கறுத்துப் பொருக்கு விட்ட காரை. ஆவி வெளியேறும் வழியை அடைத்துவிட்டதால், ஈரம் மூன்று அடியைத் தாண்டி மேலே போய் வழி தேடியிருக்கிறது. உப்பு இப்போது பூச்சின்மேல் பூக்காமல் அதன் பின்னால், செங்கல்லின் துளைக்குள்ளேயே படிகமாகிறது. சோடியம் சல்பேட் போன்ற உப்புகள் நீரைச் சேர்த்துக்கொண்டு படிகமாகும்போது தம் கன அளவில் மும்மடங்குக்கு மேல் பெருகி, துளையின் சுவரை உடைத்துச் செங்கல்லை மாவாக்குகின்றன. போதாக்குறைக்கு, சிமெண்டும் தன் பங்குக்குக் கரையும் உப்புகளைக் கொண்டுவருகிறது. பலத்தைக் கேட்டாலோ, நாட்டுச் செங்கல் தாங்கும் அழுத்தத்தைப்போல் இரண்டு பங்கு அழுத்தத்தை நல்ல சிமெண்டுச் சாந்து தாங்கும். சுவரில் எப்போதும் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். உஷ்ணத்தில் விரியும்போதும், அஸ்திவாரம் இம்மியளவு இறங்கும்போதும், மெத்தென்ற காரை வளைந்துகொடுத்துச் செங்கல்லைப் பிழைக்கவைத்தது. வலுத்த சாந்து வளையாமல் நிற்க, செங்கல் பிளக்கிறது. பலமானதைப் பூசினால் பலப்படும் என்ற நம்பிக்கை இயல்பானதுதான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அது எத்தனை நல்ல கட்டடங்களைக் கொன்றிருக்கிறது என்பதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

தளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தேக்கு உத்தரங்களின்மேல் சட்டங்கள் பரப்பி, அவற்றின் குறுக்கே அச்சுக்கல் எனப்படும் மெல்லிய சிறு செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில் வரிசை வரிசையாகக் காரை தோய்த்து நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பதுதான் மெட்ராஸ் டெரஸ் என்று ஊரெங்கும் பெயர் பெற்ற மட்டப்பா. இதில் ஒரு ஆணியளவு இரும்பும் தேவைப்படவில்லை. ஆகவே இரும்பு துருப்பிடித்து வீங்கிக் கான்கிரீட்டைப் பெயர்க்கும் நோய் இதற்கு வருவதில்லை. மரத்தின் முனை சுவருக்குள் ஈரமாகிக் கரையான் பிடிப்பதே இதன் ஒரே பலவீனம். ஒழுக்கை உடனுக்குடன் அடைத்துவந்தால் அதையும் தடுத்துவிடலாம்.

இதுவரை சொன்னவை கட்டடத்தின் உபயோகத்தைப் பற்றியவை. சாட்சியம் என்று தலைப்பிட்டதற்கு உரிய விஷயம் இனிமேல்தான் வருகிறது. காரை இறுகும்போது அந்த வருஷத்துக் காற்றிலிருந்து கரியமிலவாயுவை உட்கொள்கிறது என்று கண்டோம். காற்றிலுள்ள கரியில் கதிரியக்கமுள்ள கார்பன்-14 ஒரு சிறு அளவு கலந்திருக்கிறது. எனவே காரையின் ஒவ்வொரு துணுக்கும் தான் இறுகிய காலத்தின் முத்திரையைத் தாங்கியிருக்கிறது. 1960-களில் பிரான்ஸில் இம்முறையால் காரையின் வயதைக் கணிக்கத் தொடங்கினார்கள். மணலோடு வந்த பழைய சுண்ணாம்புக்கல் துகள்கள் கணக்கைக் கெடுக்கும் என்பதும், கடந்த சில நூற்றாண்டுகளுக்குள் இது நுட்பமாக வயது சொல்லாது என்பதும் உண்மை. ஆனால் ஒரு விலக்கு உண்டு: அணுகுண்டுச் சோதனைகளால், 1963 வாக்கில், வடகோளக் காற்றிலுள்ள கார்பன்-14 ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று. ஆகையால் ஒரு கடையின் பூச்சு 1955-க்கு முன்னே இறுகியதா பின்னே இறுகியதா என்பதை இன்றைக்கும் தெளிவாகச் சொல்லிவிடலாம்.

செங்கல்லின் சாட்சியம் வேறு விதம். சூளையில் சுடும்போது அதன் மணற்பருக்கைகளில் சேர்ந்திருந்த கதிரியக்கப் பாதிப்பெல்லாம் அழிந்து, கணக்கு பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்குகிறது. அன்றுமுதல் சுற்றுப்புறக் கதிரியக்கம் அதில் வருஷந்தோறும் சேர்ந்துகொண்டே வருகிறது. மறுபடி சூடேற்றினால் சேர்ந்தது மங்கிய ஒளியாக வெளிப்படும். அதை அளந்து வயதைக் கணிக்கலாம். ஹிரோஷிமாவில் மக்கள்மீது விழுந்த கதிர்வீச்சின் அளவை விஞ்ஞானிகள் கண்டறிய உதவியவையும் சாதாரணக் கட்டடங்களின் ஓடுகளும் செங்கற்களும்தான். உத்தரத்துத் தேக்கும் பேசும். உஷ்ணமண்டல மரங்களில் வருஷ வளையம் தெளிவாக இடும் ஒரு சில ஜாதிகளில் தேக்கு ஒன்று; பழைய பர்மாத் தேக்கின் குறுக்குவெட்டில், அந்த மரம் வாழ்ந்த காலத்துப் பருவமழைகளின் வரவுசெலவு வளையம் வளையமாகப் பதிந்திருக்கிறது. தெற்காசியப் பருவமழையின் பழைய சரித்திரத்தை எழுதுகிறவர்கள் தேக்கு வளையங்களையே நாடுகிறார்கள். கட்டடம் இடிபடும்போது அந்த உத்தரத்தை அறுத்து, இழைத்து, மேஜை நாற்காலியாக்கி விற்றுவிடுகிறோம்.

இந்த வகைப் படிப்புக்கு வழிகாட்டியாக மலைமேலேயே ஒருவர் இருந்தார். 1957-ல் வைணு பாப்பு, ஓலின் வில்சன் என்னும் அமெரிக்க வானியலாளரோடு சேர்ந்து, நட்சத்திர ஒளியின் நிறமாலையில் ஊதாவின் ஓரத்தில், 3933 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் விழும் கால்சியத்தின் ‘கே’ கோட்டை ஆராய்ந்து, அதன் நடுவே தோன்றும் ஒளிக்கீற்றின் அகலத்தை அளந்தாலே அந்த நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசத்தைச் சொல்லிவிடலாம் என்று நிரூபித்தார். வில்சன்–பாப்பு விளைவு என்று உலகம் அதை அழைக்கிறது. பிரகாசம் தெரிந்தால் தூரத்தையும் கணிக்கலாம். எட்டாத தூரத்து நட்சத்திரம் ஒன்றைப் பற்றி, அதிலுள்ள கால்சியம் இட்ட ஒற்றைக் கோட்டிலிருந்து இவ்வளவு அறியமுடியும் என்று காட்டியவர் வானாய்வகம் அமைத்த மலையின் அடிவாரத்தில், கைக்கெட்டும் தூரத்திலிருக்கும் கால்சியம் ஒருவராலும் படிக்கப்படாமல் லாரியில் ஏறிக் குப்பைமேட்டுக்குப் போகிறது.

சட்டத்தின் நிலை என்ன? சென்னை மவுண்ட் ரோட்டில், 1897-ல் ஸ்மித் என்னும் மருந்து வணிக நிறுவனத்துக்காக எழுந்து, பிற்காலத்தில் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம் என்று பெயர் பெற்ற மாளிகையை 2006-ல் இடிக்கத் தொடங்கியபோது, பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகித் தடுத்தது. 2010-ல் வந்த தீர்ப்பு, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கவேண்டிய கடமையை அரசுக்கு வலியுறுத்திற்று. ஒரு கடைக்கட்டடத்துக்காக நடந்த போராட்டம் அது என்பதை மறந்துவிடக்கூடாது. அதன்பின் 2012-ல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 2024-ல். தலைநகரின் மாளிகைக்கே இவ்வளவு காலம் என்றால், பேரூராட்சி எல்லைக்குள் இருக்கும் புளி மண்டியின் முறை எப்போது வரும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

வேறு இரண்டு உதாரணங்களையும் சொல்லவேண்டும். புதுச்சேரிக் கடற்கரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த மேரி கட்டடம், பராமரிப்பில்லாமல் கிடந்து, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய வடிவத்திலேயே புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள். பார்வைக்கு அழகாகவே இருக்கிறது. கடற்கரைக்கு அதன் முகம் திரும்பக் கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆயினும் பழைய காரையும் பழைய செங்கல்லும் சொல்லக்கூடியதாக இருந்ததை அந்தப் புதிய சுவர் எந்தக் காலத்திலும் சொல்லாது. தரங்கம்பாடியில் நடந்தது வேறு. 2004-ன் சுனாமிக்குப் பிறகு, டென்மார்க்கிலிருந்து வந்த உதவியோடு, இன்டாக் அமைப்பினர் அங்குள்ள சாதாரணத் தெருவீடுகளைக்கூட எடுத்துக்கொண்டு, சுண்ணாம்பு நீற்றி, காரை அரைத்து, பழைய முறையிலேயே செப்பனிட்டார்கள். அந்த வேலையால் வீடுகள் பிழைத்ததோடு, காரையின் பதம் தெரிந்த கொத்தனார்கள் சிலரும் உருவானார்கள். சிறிய ஊரில், சிறிய கட்டடங்களில், இது ஆகக்கூடிய காரியம் என்பதற்கு அதுவே போதுமான அத்தாட்சி.

கடைக்காரரின் கஷ்டத்தை உணராமல் உபதேசம் செய்வது சுலபம். பாகப்பிரிவினையில் ஒரு கடை நான்காகியிருக்கும். சாலை விரிவாக்கத்தில் திண்ணை போயிருக்கும். வாடகை மிகச் சொற்பமாயிருக்கும். மாடி எழுப்பினால் பத்துப் பங்கு வரும். எல்லாக் கடைகளையும் காப்பாற்றவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961-லேயே சுட்டிக்காட்டியபடி, கடன் தீர்ந்த பழைய கட்டடத்தின் குறைந்த வாடகையில்தான் தையற்காரரும் சைக்கிள் கடைக்காரரும் பிழைக்கமுடியும். ஆகையால் ஒவ்வொரு தெருவிலும் சிலவாவது நிற்பது அந்தத் தெருவுக்கே லாபம். இடித்தே தீரவேண்டியவற்றில், இடிக்கும் முன் அளவெடுத்து வரைபடம் தீட்டி, சுவரின் நடுவிலிருந்து ஒரு கைப்பிடிக் காரையும், முழுச் செங்கல் ஒன்றும், உத்தரத்தின் நுனியில் அரை அடித் துண்டும் எடுத்து, ஊரையும் தெருவையும் எழுதி, பக்கத்திலுள்ள கல்லூரியிலோ அரசு அருங்காட்சியகத்திலோ ஒப்படைப்பதற்குச் சட்டமும் வேண்டாம், பெரும் பணமும் வேண்டாம்.

நிற்கப்போகும் கட்டடத்துக்குச் செய்யவேண்டிய முதல் வைத்தியம், அடியிலுள்ள சிமெண்டுப் பட்டையைச் செங்கல் சேதமாகாமல் கொத்தி எடுத்து, சுவரைத் திறந்து வைப்பது. நனைந்த சுவர் மாதத்துக்கு ஓர் அங்குலம் வீதமே உலரும் என்பது இத்துறையில் பழகியவர்களின் உத்தேசக் கணக்கு. பதினெட்டு அங்குலச் சுவருக்கு ஒன்றரை வருஷம் ஆகும். அதற்குள் பூசும் முதல் காரை உப்பை உறிஞ்சிக்கொண்டு பொரிந்து உதிரத்தான் செய்யும். உதிர்ந்ததைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் உலர்ந்தபடியே சுரண்டி, பெருக்கி, தெருவிலோ சுவரடியிலோ கொட்டாமல் அப்புறப்படுத்திவிட்டு, மறுபடியும் சுண்ணாம்பே பூசவேண்டும். இரண்டாவது பூச்சு முதலதைவிட அதிக நாள் நிற்கும். மூன்றாவது அதைவிட அதிகம். முதல் பூச்சு உதிர்கிறபோது, காரை நிற்காது என்று சொல்லிச் சிமெண்டு மூட்டையோடு வருகிற மேஸ்திரியைக் கடைக்காரர் அந்த ஒன்றரை வருஷம் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும்.